நோடுக்கு நோடு மேப் வெச்ச மரத்துல லுக்கப் ஸ்லோவா இருக்கா? அன்ஆர்டர்ட் மேப்புக்கு ஓடுறதுக்கு முன்னாடி

கேள்வி இதுதான்: சி++ல எழுதின ஒரு மானிட்டரிங் புரோகிராம், ஃபேக்டரி சென்சார் டேட்டா எல்லாம் மெமரில ஒரு மரமா இருக்கு, ஒவ்வொரு நோடுலயும் பேருக்கு சைல்டு பாயின்ட்டர்னு ஒரு எஸ்டிடி மேப் (கீயை வரிசைப்படி வெக்கிற சி++ கன்டெய்னர்). "பிளான்ட்/லைன்3/மோட்டார்/டெம்பரேச்சர்" மாதிரி பாத் வந்தா ரூட்லேருந்து ஒவ்வொரு லெவலா தேடிட்டு இறங்கணும். ப்ரொஃபைலர்ல பாத்தா நேரம் பெரும்பாலும் இந்த தேடல்லயே போகுது, எல்லா மேப்பையும் அன்ஆர்டர்ட் மேப்பா (வரிசை இல்லாம ஹாஷ் டேபிள்ல வெக்கிறது, கீலேருந்து ஒரு நம்பர் கணக்கு போட்டு நேரா இடத்தை பிடிக்கும்) மாத்திட்டா சரியாயிடுமான்னு கேட்டிருக்கீங்க.

நேரா சொல்லணும்னா, மாத்தினா கொஞ்சம் குறையலாம், சில மரத்துல கூடவும் செய்யும். ஆனா அது மூணாவதோ நாலாவதோ பாக்க வேண்டிய விஷயம். நீங்க லாக் என்-ஐ, அதாவது என்ட்ரி கூட கூட மெதுவா ஏறுற தேடல் படியை, ஒன்னாக்குறதை பத்தி யோசிக்கிறீங்க, ஆனா உங்க நேரம் போறது கம்பேரிசன் எண்ணிக்கைல இல்ல, ஒரே தேடலை திரும்பத் திரும்ப பண்றதுலயும் மெமரில அங்கேயும் இங்கேயும் தாவுறதுலயும் தான். அந்த ரெண்டையும் விட்டுட்டு கன்டெய்னரை மட்டும் மாத்தினா பெருசா ஒன்னும் மாறாது.

முதல்ல ஒரு எஸ்டிடி மேப் நோடை பிரிச்சு பாத்துடுவோம், அப்பதான் மத்தது புரியும். 64 பிட் லினக்ஸ்ல ஜிசிசி கம்பைலரோட ஸ்டாண்டர்ட் லைப்ரரில இது ரெட் பிளாக் ட்ரீ, அதாவது தன்னைத் தானே சமப்படுத்திக்கிற பைனரி மரம். ஒரு என்ட்ரிக்கு கலர், பேரன்ட், லெஃப்ட், ரைட் எல்லாம் சேத்து 32 பைட், கீயா இருக்கிற ஸ்ட்ரிங் 32 பைட், உங்க சைல்டு பாயின்ட்டர் 8, மொத்தம் 72. மெமரி ஒதுக்குற மேலாக் தன்னோட கணக்கையும் சேத்து 80 பைட் எடுக்கும். சிபியு மெமரிலேருந்து ஒரு தடவைல இழுக்குற துண்டு, அதாவது கேஷ் லைன், 64 பைட் தான், அதனால எப்படி வெச்சாலும் ஒரு என்ட்ரி ரெண்டு லைன்ல கால் நீட்டிட்டு தான் படுக்கும். இதுல ஸ்ட்ரிங் 15 எழுத்துக்குள்ள இருந்தா அந்த 32 பைட்டுக்குள்ளயே அடங்கிடும், தாண்டிச்சுன்னா எழுத்தெல்லாம் ஹீப்ல வேற ஒரு இடத்துக்கு போயிடும், அப்ப ஒவ்வொரு கம்பேருக்கும் இன்னொரு தாவல். "லாஸ்ட்_அப்டேட்டட்_டைம்ஸ்டாம்ப்" மாதிரி பேர் வெக்கிறோம்ல, அதை இங்கிலீஷ்ல எழுதினா 22 எழுத்து, அது ஹீப்புக்கு போகும். (மேக்ல கிளாங்கோட லைப்ரரில வரம்பு 22, அங்க இதே பேர் உள்ளயே அடங்கிடும். ஒரே கோடு லேப்டாப்ல வேகமாவும் சர்வர்ல ஸ்லோவாவும் இருந்து மண்டை காயறவங்க இதையும் ஒரு தடவை செக் பண்ணுங்க.)

இன்னொன்னு, நிறைய பேருக்கு தெரியாது: இந்த லைப்ரரில ஃபைண்ட் கூப்பிட்டா நடுவுல கீ கிடைச்சாலும் நிக்காது. லோயர் பவுண்ட் (கீக்கு சமமான, இல்ல அதை விட பெரிய முதல் என்ட்ரி) கண்டுபிடிக்கிற மாதிரி அடி வரைக்கும் இறங்கிட்டு, கடைசில ஒரு தடவை சமமான்னு பாக்கும். ஆக மரத்தோட முழு உயரமும் எப்பவும் நடந்தே ஆகணும். ஒவ்வொரு படிலயும் அடுத்து லெஃப்டா ரைட்டான்னு கம்பேர் முடிஞ்சாதான் தெரியும், அதனால சிபியுவால அடுத்த அட்ரஸை முன்கூட்டியே உறுதியா இழுத்து வெக்க முடியாது. டேட்டா சிபியுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிற எல்1 கேஷ்ல இருந்தா 4, 5 சைக்கிள்ல வந்துடும், டிராம் (மெயின் மெமரி) வரைக்கும் போனா தோராயமா 100 நானோசெகண்ட், 3 கிகாஹெர்ட்ஸ் சிபியுல அது 300 சைக்கிள். இந்த வித்தியாசத்துக்கு முன்னாடி "ஒரு கம்பேரிசன் மிச்சம்"ங்கிறதெல்லாம் சில்லறை.

சரி, இப்ப எங்க வெட்டறதுன்னு வருவோம். முதல் வெட்டு, தேடல் எண்ணிக்கை. உங்க கோடுல (நீங்க அனுப்பின துண்டுலயே இருக்கு) கவுண்ட் போட்டு இருக்கான்னு பாக்குறீங்க, இல்லன்னா ஸ்கொயர் பிராக்கெட் போட்டு புது நோடு வெக்கிறீங்க, அப்புறம் ரிட்டர்ன் பண்ண மறுபடி ஸ்கொயர் பிராக்கெட். ஒரு லெவலுக்கு மூணு தடவை வரைக்கும் அதே மரத்துல இறங்குறீங்க, நாலு லெவல் பாத்னா பன்னெண்டு வரைக்கும் போகும். ரீட் பண்ண மட்டும்னா ஃபைண்ட் ஒரு தடவை கூப்பிட்டு கிடைச்ச இட்டரேட்டரையே வெச்சு வேலையை முடிங்க. இல்லன்னா சேக்கணும்னா சி++ 17ல வந்த டிரை எம்ப்ளேஸ் இருக்கு, ஒரே இறக்கத்துல தேடலும் சேக்கறதும் முடிஞ்சிடும், புதுசா சேத்துச்சா ஏற்கனவே இருந்துச்சாங்கிறதையும் சொல்லிடும். இன்னொரு ஆபத்து, ஸ்கொயர் பிராக்கெட் வெறுமனே படிக்கப் போனாலும் இல்லாத கீயை சேத்துடும், தப்பான பாத் வர வர மரம் சத்தமில்லாம வீங்கிட்டே போகும், லுக்கப்பும் அதோட சேந்து இழுக்கும். இதுக்கு ஒரு சுலபமான வழி, படிக்கிற ஃபங்ஷனையும் அதுல இறங்க வெச்சிருக்கிற நோடு பாயின்ட்டரையும் கான்ஸ்ட்னு அறிவிச்சிடுங்க, உள்ள எவனாவது ஸ்கொயர் பிராக்கெட் போட்டா கம்பைலரே அடிச்சு விரட்டிடும்.

அடுத்தது என் கணக்குல எல்லாத்தையும் விட பெரிய லாபம். சென்சார் டேட்டா வர்ற புரோகிராம்ல பாத் எல்லாம் புதுசு புதுசாவா வருது? அதே சில ஆயிரம் பாத் தான் நாள் பூரா திரும்பத் திரும்ப வரும். தினமும் போற வீட்டுக்கு தினமும் தெருமுனைல நின்னு வழி கேக்குற மாதிரி ரூட்லேருந்து ஏன் இறங்கணும்? சென்சார் கனெக்ட் ஆகும்போது, இல்ல சப்ஸ்கிரைப் பண்ணும்போது, ஒரு தடவை பாத்தை தேடி நோடை பிடிச்சு ஒரு ஹேண்டிலா கொடுத்துடுங்க. அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு ரீடிங்குக்கும் ஸ்ட்ரிங்கே கிடையாது, தேடலே கிடையாது, நேரா அரே இண்டெக்ஸ். நோடை நடுவுல டெலீட் பண்ணிட்டா என்ன ஆகும்னு பயம் வரும், நியாயமான பயம், அதனால வெறும் பாயின்ட்டரை கொடுக்காம இண்டெக்ஸ் கூட ஒரு ஜெனரேஷன் நம்பரும் சேத்து கொடுங்க. ஸ்லாட்டை காலி பண்ணும்போது நம்பரை ஒன்னு ஏத்துங்க, ஹேண்டில்ல இருக்கிற நம்பரும் ஸ்லாட்ல இருக்கிறதும் ஒத்துப் போகலன்னா அது பழைய ஹேண்டில், மறுபடி பாத் வெச்சு தேடிக்கலாம்.

இது என் சொந்த ஐடியா ஒன்னும் இல்ல. லினக்ஸ் கெர்னல்ல ஒரு ப்ராசஸோட மெமரி ஏரியா எல்லாம் ரொம்ப வருஷம் ரெட் பிளாக் ட்ரீல தான் இருந்துச்சு, பேஜ் ஃபால்ட் (இன்னும் மெமரில ஏறாத பக்கத்தை தொட்டா வர்றது) வரும்போதெல்லாம் அந்த அட்ரஸ் எந்த ஏரியான்னு மரத்துல தேடணும். அதை குறைக்க 2014ல 3.15 வெர்ஷன்ல ஒவ்வொரு த்ரெட்டுக்கும் நாலே நாலு என்ட்ரி வெச்ச ஒரு சின்ன கேஷை சேத்தாங்க, ஏரியா மாறினா ஒரு சீக்வென்ஸ் நம்பரை ஏத்தி பழசை எல்லாம் செல்லாம ஆக்குவாங்க. அப்புறம் 2022ல 6.1ல மேப்பிள் ட்ரீ வந்துச்சு, பி-ட்ரீ வகையறா (ஒரே நோடுல நிறைய கீ வெக்கிற மரம்), ஒரு நோடு 256 பைட், லீஃப்ல 16 ஸ்லாட் வரைக்கும் பக்கத்துல பக்கத்துல. மரம் அவ்ளோ தட்டையானதும் அந்த சின்ன கேஷையே தூக்கிட்டாங்க, பராமரிக்கிற செலவுக்கு தாங்கல. ரெண்டு பக்கமும் பாடம் இருக்கு: மரம் உயரமா இருந்தா முன்னாடி ஒரு கேஷ் வைங்க, மரமே தட்டையா இருந்தா அந்த கேஷே பாரம்.

மூணாவது, தற்காலிக ஸ்ட்ரிங். பாத்தை ஸ்லாஷ்ல வெட்டி ஸ்ட்ரிங் வெக்டார்ல போட்டு லூப் ஓட்டறீங்க. ஒரு லுக்கப்புக்கு வெக்டாருக்கு அலொகேஷன், 15 எழுத்துக்கு மேல போன ஒவ்வொரு துண்டுக்கும் அலொகேஷன், முடிஞ்சதும் எல்லாத்துக்கும் ஃப்ரீ. இதை ஸ்ட்ரிங் வியூவா வெட்டுங்க, அது எழுத்து இருக்கிற இடத்தையும் நீளத்தையும் மட்டும் தான் வெச்சுக்கும், காப்பியே கிடையாது. ஆனா இங்க ஒரு கொக்கி இருக்கு: சாதா மேப்போட ஃபைண்டுக்கு ஸ்ட்ரிங் வியூ கொடுத்தா கம்பைல் ஆகாது, உடனே நம்ம ஆளுங்க அதை ஸ்ட்ரிங்கா மாத்தி கொடுத்து பழைய கதைக்கே வந்துடுவாங்க. மேப் டிக்ளேர் பண்ற இடத்துல கம்பேரேட்டரா டைப் எழுதாத லெஸ், அதாவது ஆங்கிள் பிராக்கெட் காலியா இருக்கிற லெஸ், அதை போட்டா சி++ 14லேருந்து வேற டைப் கீயை வெச்சும் தேட விடும். ஒரே வரி மாத்தம், எத்தனையோ கோடுல இது இல்லாம மேலாக்கும் ஃப்ரீயும் ப்ரொஃபைல்ல உச்சில உக்காந்திருக்கும். அதே மாதிரி கோட் மார்க் போட்டு நேரா எழுதின லிட்டரலை ஃபைண்டுக்கு கொடுத்தா அது கம்ப்ளெய்ன்ட் பண்ணாம கம்பைல் ஆயிடும், பின்னாடி ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்ட்ரிங் கட்டி இடிக்கும். அன்ஆர்டர்ட் மேப்புக்கு இந்த வசதி சி++ 20ல தான் வந்துச்சு, அதுக்கும் ஹாஷ் ஃபங்ஷனை நீங்களே எழுதி டிரான்ஸ்பரன்ட்னு (வேற டைப் கீயையும் ஏத்துக்கும்னு) குறிக்கணும்.

இதுவரைக்கும் டேட்டா ஸ்ட்ரக்சரை தொடவே இல்ல பாருங்க. இதை பண்ணிட்டு மறுபடி அளந்து பாருங்க, பாதி பேருக்கு இங்கயே பிரச்சனை முடிஞ்சிடும்.

முடியலன்னா லேஅவுட்டுக்கு வருவோம். உங்க மரத்துல ஒரு நோடுக்கு சராசரியா அஞ்சாறு சைல்டு, ஒன்னு ரெண்டு நோடுல மட்டும் ஆயிரக்கணக்குல. அந்த அஞ்சாறு சைல்டு நோடுக்கு எந்த மேப்புமே ஓவர். அன்ஆர்டர்ட் மேப் ஆப்ஜெக்ட் காலியா இருந்தாலே 56 பைட், எஸ்டிடி மேப் 48, சாதா வெக்டார் 24. ஹாஷ் போட கீயை முழுசா படிக்கணும், பக்கெட் (ஹாஷ் டேபிளோட அறை) எண்ணிக்கை பிரைம் நம்பரா இருக்கிறதால மீதி எடுக்க உண்மையான டிவிஷன், அப்புறம் பக்கெட் அரேக்கு ஒரு தாவல், அங்கேருந்து நோடுக்கு ஒரு தாவல். அஞ்சு என்ட்ரிக்கு இவ்ளோ சம்பிரதாயம் எதுக்கு? ஜிசிசி ஆளுங்களே இதை ஒத்துக்கிட்ட மாதிரி, ஜிசிசி 12லேருந்து ஸ்ட்ரிங் கீ உள்ள அன்ஆர்டர்ட் மேப்புல 20 என்ட்ரி வரைக்கும் இருந்தா ஃபைண்ட் ஹாஷே போடாம வரிசையா ஓட்டி பாத்துடுது. வரிசையா தான் ஓட்ட போறோம்னா அதை லிங்க்டு லிஸ்ட்ல ஓட்டுறதை விட வெக்டார்ல ஓட்டலாமே.

அதுக்கு முன்னாடி பேரை நம்பராக்கிடுங்க. "டெம்பரேச்சர்", "பிரஷர்", "ஸ்டேட்டஸ்" இதெல்லாம் மரம் முழுக்க ஆயிரம் இடத்துல திரும்ப வரும், ஒரு பொது டேபிள்ல ஒவ்வொரு தனிப் பேருக்கும் ஒரு 32 பிட் ஐடி கொடுத்துட்டா நோடுக்குள்ள ஸ்ட்ரிங்கே வேண்டாம். ஐடி ஒரு அரேல, சைல்டு இண்டெக்ஸ் பக்கத்துல இன்னொரு அரேலன்னு பிரிச்சு வைங்க, ஒன்னா ஜோடி போட்டு வெக்காதீங்க. 4 பைட் ஐடினா ஒரு கேஷ் லைன்ல 16 அடங்கும், அதாவது அரே ஒரு கேஷ் லைன் தொடக்கத்துலயே ஆரம்பிச்சா 16 சைல்டு வரைக்கும் தேடல் ஒரே ஒரு மெமரி தொடுதல்ல முடியும். கம்பைலர் மனசு வெச்சா, இல்ல நீங்களே எழுதினா, சிபியுவோட எஸ்எஸ்இ2 இன்ஸ்ட்ரக்ஷன்ல ஒரே அடில நாலு, ஏவிஎக்ஸ்2ல எட்டுன்னு கம்பேர் பண்ணலாம். சார்ட் பண்ணி பைனரி சர்ச் போடணுமான்னா, இந்த சைஸ்ல வேண்டாம், பைனரி சர்ச்சோட பிராஞ்ச் எந்த பக்கம் போகும்னு சிபியு பாதி தடவை தப்பா யூகிக்கும், நேரா ஓடுற லூப் அந்த தொல்லை இல்லாம போயிடும். முப்பது நாப்பதை தாண்டினா சார்ட் பண்ணி வெக்கறதை யோசிக்கலாம், சரியா எந்த இடத்துல மாத்தணுங்கிறதை உங்க மெஷின்ல அளந்து தான் முடிவு பண்ணணும். சார்ட் பண்ணின வெக்டாரை மேப் மாதிரி காட்டுற ஃபிளாட் மேப் பூஸ்ட் லைப்ரரில ரொம்ப நாளா இருக்கு, சி++ 23ல ஸ்டாண்டர்டுக்கே வந்துடுச்சு.

ஆயிரக்கணக்குல சைல்டு இருக்கிற அந்த ஒன்னு ரெண்டு நோடுக்கு மட்டும் வேற ஏற்பாடு. வரிசை முக்கியம்னா பி-ட்ரீ, கூகுளோட அப்சீல் லைப்ரரில பிட்ரீ மேப் இருக்கு, ரஸ்ட்ல ஆர்டர்ட் மேப்பே பி-ட்ரீ தான், அங்க ஒரு நோடுல அதிகபட்சம் 11 கீ, நோடுக்குள்ள வரிசையா தான் தேடும். பத்து லட்சம் என்ட்ரின்னா ரெட் பிளாக்ல குறைஞ்சது 20 படி, இதுல ஆறுலேருந்து எட்டுக்குள்ள. வரிசை தேவையில்லன்னா ஓப்பன் அட்ரஸிங் ஹாஷ் (என்ட்ரி எல்லாம் ஒரே அரேக்குள்ளயே இருக்கும்), அப்சீலோட ஃபிளாட் ஹாஷ் மேப் மாதிரி. நோடு சைஸை பொறுத்து தானா வடிவம் மாத்திக்கிற யோசனை 2013ல அடாப்டிவ் ரேடிக்ஸ் ட்ரீங்கிற பேர்ல ஒரு டேட்டாபேஸ் ஆராய்ச்சி கட்டுரையா வந்துச்சு, 4, 16, 48, 256ன்னு நாலு அளவு நோடு, சைல்டு கூட கூட அடுத்த அளவுக்கு வளரும். அதை முழுசா எழுத சொல்லல, உங்களுக்கு ரெண்டு அளவு போதும்: சின்ன நோடுக்கு அரே, பெரிய நோடுக்கு ஹாஷ்.

எனக்கு தனிப்பட்ட முறைல ரொம்ப பிடிச்ச வழி இன்னொன்னு. நோடுக்கு நோடு மேப் வெக்கறதையே விட்டுட்டு மொத்த மரத்துக்கும் ஒரே ஒரு பெரிய ஹாஷ் டேபிள், கீ என்னன்னா பேரன்ட் ஐடியும் பேர் ஐடியும் சேந்தது. ரெண்டும் 32 பிட்னா சேத்து ஒரே 64 பிட் நம்பர், கம்பேர் ஒரே இன்ஸ்ட்ரக்ஷன். லினக்ஸ்ல ஃபைல் பாத் தேடுற டிகேஷ் இப்படி தான் இருக்கு: டைரக்டரிக்கு டைரக்டரி தனி மேப் கிடையாது, பேரன்ட் அட்ரஸையும் பேரோட ஹாஷையும் கலந்து ஒரே குளோபல் டேபிள்ல தேடும், ஹாஷும் நீளமும் ஒத்துப் போனாதான் எழுத்து எழுத்தா பேரை கம்பேர் பண்ணும், சின்ன பேர்னா அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கும். முழு பாத்தையும் கீயா போட்டா ஒரே தேடல்ல முடியுமேன்னு தோணும், முடியும் தான், ஆனா மேல ஒரு நோடை ரீநேம் பண்ணினா கீழ இருக்கிற அத்தனை கீயையும் மாத்தணும். பேரன்ட் ஐடி வழில ஒரே ஒரு என்ட்ரி மாறும், அவ்ளோதான். குறை என்னன்னா "இந்த நோடோட சைல்டு எல்லாம் கொடு"ன்னா ஹாஷ் டேபிளால பதில் சொல்ல முடியாது, அதுக்கு நோடுல முதல் சைல்டு, அடுத்த தம்பின்னு ரெண்டு இண்டெக்ஸ் தனியா வெச்சுக்கணும். இன்னொரு எச்சரிக்கை: ஜிசிசி லைப்ரரில இன்டிஜரோட ஹாஷ் அந்த இன்டிஜரே தான், பிரைம் பக்கெட் இருக்கிறதால அங்க தப்பிச்சுக்குது. நீங்க சொந்தமா இரண்டின் அடுக்கு சைஸ்ல டேபிள் எழுதினா கீழ் பிட் மட்டும் தான் கணக்குல வரும், அப்ப எல்லா "டெம்பரேச்சர்"ம் ஒரே ஸ்லாட்ல வந்து முட்டும். ஒரு பெரிய ஒத்தைப்படை எண்ணால பெருக்கி மேல் பிட்டை எடுத்துக்கோங்க.

த்ரெட் பத்தி நீங்க எதுவும் சொல்லல, ஆனா மல்டி த்ரெட்னா இதையும் பாருங்க. ரீட் லாக் எடுத்தாலும் அந்த லாக்குக்குள்ள ஒரு கவுண்ட்டர் ஏறி இறங்கும், எல்லா கோரும் அந்த ஒரே கேஷ் லைனுக்கு அடிச்சுக்கும், ப்ரொஃபைலர்ல லுக்கப் ஃபங்ஷன் பேர் தான் தெரியும், உண்மையான ஆள் லாக். மரம் அமைப்பு அபூர்வமா தான் மாறும்னா மாத்தத்தை ஒரு காப்பில பண்ணிட்டு ரூட் பாயின்ட்டரை அட்டாமிக்கா (பாதில யாரும் பாக்க முடியாதபடி ஒரே அடில) மாத்தி விடுங்க, படிக்கிறவங்களுக்கு லாக்கே வேண்டாம். பழைய காப்பியை எப்ப ஃப்ரீ பண்றதுங்கிறது தான் அங்க தலைவலி.

ஜாவா, பைத்தான்ல இருந்து இதை படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அங்க ஸ்ட்ரிங் ஆப்ஜெக்ட் தன் ஹாஷை ஒரு தடவை கணக்கு போட்டு உள்ளயே வெச்சுக்கும், அதனால ஹாஷ் மேப் அங்க சி++ அளவுக்கு வலிக்காது. ஆனா பாத்தை ஒவ்வொரு தடவையும் ஸ்பிளிட் பண்ணினா ஒவ்வொரு துண்டும் புது ஆப்ஜெக்ட், அந்த சேமிச்ச ஹாஷ் எதுக்கும் உதவாது. ஜாவால கன்டெய்ன்ஸ் கீ, கெட், புட்னு மூணு தடவை போறதுக்கு பதிலா கம்ப்யூட் இஃப் ஆப்சென்ட். ரஸ்ட்ல என்ட்ரி.

அளக்கும்போது ஒரே கீயை கோடி தடவை லூப்ல தேடி "ஆஹா 5 நானோசெகண்ட்"னு சந்தோஷப்படாதீங்க, அப்ப எல்லாமே எல்1ல இருக்கும், பிராஞ்ச் பிரெடிக்டரும் பாதையை மனப்பாடம் பண்ணியிருக்கும். உண்மையான டிராஃபிக்கை ஒரு மணி நேரம் பதிவு பண்ணி அந்த பாத் வரிசையையே ஓட்டுங்க, கம்பைலருக்கு ஓ2 ஆப்டிமைசேஷன் போட்டு, டீபக் பில்டுல இல்ல. லினக்ஸோட பெர்ஃப் ஸ்டாட் டூல்ல கேஷ் மிஸ்சும் பிராஞ்ச் மிஸ்சும் முன்ன பின்ன எப்படின்னு பாத்தா எந்த மாத்தம் எதனால வேலை செஞ்சுதுன்னு தெரிஞ்சிடும்.

வெக்டாருக்கு மாத்துறதுக்கு முன்னாடி கோடு முழுக்க ஒரு தடவை தேடிப் பாருங்க, யாராவது மேப்புக்குள்ள இருக்கிற என்ட்ரிக்கு பாயின்ட்டரோ ரெஃபரன்ஸோ இட்டரேட்டரோ பிடிச்சு வெச்சிருக்காங்களான்னு. எஸ்டிடி மேப்ல வேற என்ட்ரி சேத்தாலும் நீக்கினாலும் அது அசையாது, அந்த தைரியத்துல எழுதின கோடு எங்கயாவது இருக்கும். வெக்டார் வளரும்போது எல்லாம் இடம் மாறும், அன்னைக்கு டெஸ்ட்ல ஓடும், ரெண்டு வாரம் கழிச்சு புரொடக்ஷன்ல வெடிக்கும். அட்ரஸ் சானிடைசர் (தப்பான மெமரி தொடுதலை பிடிக்கிற டூல்) போட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு அப்புறம் மெர்ஜ் பண்ணுங்க.